யோசப்பின் அக்காவின் "ஓம்"

மயிலிட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவதென்றாலும் தாய்மார் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யோசப்பின் அக்கா வாறாவோ?" வருகிறார் என்றால் மறுபேச்சு இல்லை. இத்தனைக்கும் யோசப்பின் என்ற அந்தப் பெண் ஆசிரியை அல்ல. கடலுக்குப் போகிறவரின் மனைவி. வீட்டு வளவில் கருவாடு காய வைப்பவர். சட்டைப் பொத்தான் அறுந்தால் தைக்க நூலும் ஊசியும், வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தேசிக்காயும் அவருடைய பையில் எப்போதும் இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. பஸ் வாசலில் நின்றுகொண்டு, "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கேட்பார். எல்லோரும் வாய்விட்டு "ஓம்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் அவருக்குப் பிடிக்காது.

"தலையை ஆட்டுக்குட்டியும் ஆட்டும். எனக்குச் சத்தம் வேணும்."

ஒருமுறை மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணிக் கடையருகே நின்ற ஒரு பிள்ளை மட்டும் ஆட்டவில்லை. அடுத்த ஊர் போய்த்தான் ஆள் குறைவது தெரிந்தது. லொறிக்காரர் ஒருவர் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனாலும் அந்த இடைவெளியில் யோசப்பின் அக்கா பட்ட பாட்டை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் இந்த "ஓம்". விடியற்காலை மங்கலில் வள்ளங்கள் கரையை அணையும்போது முகம் தெரியாது. குரலைக் கேட்டுத்தான் யார் திரும்பினார், யார் இன்னும் வரவில்லை என்று பெண்கள் அறிவார்கள். அந்தக் காது அவருக்கு இருந்தது. பாட்டுக் குழுவின் இருபத்தைந்து "ஓம்"களுக்குள் எது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

1983ஆம் ஆண்டு மாசி மாதம், யாழ்ப்பாண நகர மண்டபமொன்றில் பாடசாலைகளின் கலைவிழா நடந்தது. அதைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். மயிலிட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு. பழக்கியவர் குணலட்சுமி ரீச்சர். கூட வந்தவர் யோசப்பின் அக்கா. வழியில் ஐஸ்பழ வண்டிகளைக் கண்டு பிள்ளைகள் கெஞ்சினார்கள்.

"பாடி முடிய ஆளுக்கு ரெண்டு. இப்ப தொண்டை கட்டினால் ஊர் முழுக்கத் தவளைச் சத்தம்தான் கேக்கும்" என்றார்.

மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். விளக்குகள் சுட்டன. படப்பிடிப்பை நடத்திய கனகரத்தினம், காதில் ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு, "ரெடியோ?" என்றார்.

"ஓம்!" என்று இருபத்தைந்து குரலும் ஒன்றாய் எழும்பின.

அவர் சிரித்தார். "பிள்ளையள், நான் உங்களைக் கேக்கேல்லை. கமராக்காரரைக் கேட்டனான். விளங்கிச்சோ?"

"ஓம்!"

மண்டபமே சிரித்தது. இரண்டாம் முறையும் அவர் வாய் பழக்கத்தில் "ரெடியோ?" என்றது; பாட்டின் முதல் அடிக்கு மேலேயே ஒரு "ஓம்" வந்து விழுந்தது. மூன்றாம் முறை பேசாமல் பெருவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். முன்வரிசையில் நின்ற ஸ்ரெல்லா, எல்லோரிலும் சின்னவள், அதையும் கேள்வியாக எடுத்துக்கொண்டு தனியே "ஓம்" என்றாள்.

கனகரத்தினம் ரீச்சரிடம் வந்தார். "கொக்குவில் பிள்ளையளும் காத்துக்கொண்டு நிக்கினம். இன்னும் ஒருக்காத்தான் எடுக்கலாம், ரீச்சர். அதுவும் பிழைச்சால் விட வேண்டியதுதான்."

ரீச்சர் யோசப்பின் அக்காவைப் பார்த்தார். "அக்கா, நான் சொன்னால் கேளாதுகள். நீங்கள்தான் நிப்பாட்ட வேணும்."

யோசப்பின் அக்கா வாசல்களைத் திரும்பிப் பார்த்தார். கதவுகள் நாலு பக்கமும் திறந்து கிடக்கிற மண்டபம். வெளியே முன்பின் அறியாத சனம். இங்கேதான் அந்தச் சத்தம் அவருக்கு அதிகம் தேவை. ஆனால் மூன்று மாதம் பாடிப் பழகிய பிள்ளைகளின் முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மேடையேறி அவர்கள் முன்னே குந்தினார்.

"இப்ப இருந்து ஓம் கிடையாது. ஆர் கேட்டாலும் இல்லை. மாதாவே வந்து கேட்டாலும் இல்லை. பாட்டை மட்டும் பாடுங்கோ. பிறகு நான் விடுறன். அதுவரைக்கும் வாய் பூட்டு. விளங்கிச்சோ?"

ஒரு சத்தமும் இல்லை. ஸ்ரெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

பாட்டு ஓடியது. கமராவுக்குப் பின்னால் நின்று யோசப்பின் அக்கா கேட்டார். முதல் அடி ஒற்றைக் குரலில் மெல்லத் தொடங்கி, மற்றக் குரல்கள் ஒன்றொன்றாய் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அவர் அடையாளம் கண்டார். கடைசிச் சுரம் அடங்கியதும் கனகரத்தினம் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "அருமை!" பிள்ளைகள் வாயைத் திறக்கவேயில்லை.

பிறகு ஐஸ்பழம், தள்ளுமுள்ளு, பஸ். பின்னேர வெயில் சரியத் தொடங்கியிருந்தது. சாரதி ஏரம்பு அண்ணை இயந்திரத்தை முடுக்கினார். யோசப்பின் அக்கா வாசலில் நின்று, "எல்லாரும் ஏறியாச்சோ?" என்றார்.

பதில் இல்லை.

படியில் ஏறினார். உள்ளே பார்த்தார். பிள்ளைகள் வாயை இறுக்கிக்கொண்டு, கண்களால் அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நினைவு வந்தது.

"ஐயோ என்ரை குஞ்சுகள்! விட்டாச்சு, விட்டாச்சு. ஏறியாச்சோ?"

"ஓம்!"

பஸ் அதிர்ந்தது. ஏரம்பு அண்ணை விசிலுக்குக் காத்திருந்தார். யோசப்பின் அக்கா விசில் கொடுக்கவில்லை.

"அண்ணை, எடாதேங்கோ. ஸ்ரெல்லா இல்லை."

"இந்தச் சத்தத்துக்குள்ளை அதெப்பிடி..." என்று அவர் தொடங்குமுன் அக்கா இறங்கி ஓடிவிட்டார்.

மண்டபத்து வாசலில் நின்று கூப்பிட்டார். "ஸ்ரெல்லா! எடி ஸ்ரெல்லா!" பதில் இல்லை. உள்ளே கொக்குவில் பிள்ளைகள் போய்விட்டார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் கூப்பிட்டார். மேடையை நோக்கி ஓடினார். திரைச்சீலையின் பின்னால் ஏதோ நீல வெளிச்சம் அசைந்தது. விலக்கிப் பார்த்தார்.

சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில் அன்றைய பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஸ்ரெல்லா பாடிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு முன்னால், கையில் ஐஸ்பழக் குச்சியோடு, ஸ்ரெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா அவளைப் பிடித்து நெஞ்சோடு அணைத்தார். "கூப்பிட்டது கேட்டதெல்லே? ஏனடி பேசாமல் நிண்டனீ?"

பிள்ளை தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். உதடுகள் இன்னும் பூட்டியே இருந்தன.

யோசப்பின் அக்கா சிரித்தார், கண்ணும் நிரம்பியது. முன்றானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார்.

"விட்டாச்சு ராசாத்தி. வீட்டை போவமோ?"

"ஓம்" என்றாள் ஸ்ரெல்லா.