கோணல் அச்சில் ஒரு இரண்டு ரூபாய்

இன்று கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிச் சில்லறையாகக் கட்டணம் கொடுத்தேன். ஓட்டுநர் அதிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தைப் பொறுக்கி வங்காளத்தில் சித்தி முறை வைத்தபடியே என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மாஷிமா, இது சோல்பே நா, செல்லாது. கள்ளக்காசை எல்லாம் என் தலையில கட்டாதீங்க."

உள்ளே இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காலமாகும் வரை வங்கி அதிகாரியாகவே நடந்துகொண்ட ஒருவரின் மனைவிக்கு, இந்த வயதில் இப்படி ஒரு பட்டம்!

வாங்கிப் பார்த்தேன். எண் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எதிர் ஓரம் பிறைபோல வெறுமையாகக் கிடந்தது. அச்சடித்தவர் தூங்கியிருக்கிறார். எங்கள் கான்வென்டில் தையல் இவ்வளவு கோணியிருந்தால் சிஸ்டர் முழுவதையும் பிரிக்கச் சொல்லியிருப்பார்.

வேறு நாணயம் கொடுத்தேன். அப்போது பின்சீட்டில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மாஷிமா, அதை விட்டுடாதீங்க! அச்சுப் பிழை உள்ள காசு. ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல போகும்."

ஓட்டுநரின் குரலில் உடனே தேன் சொட்டியது. "குடுங்க மாஷிமா, அதையே வாங்கிக்கறேன். முதல்ல எனக்குத்தானே குடுத்தீங்க?"

"கள்ளக்காசை வாங்கி நீங்க ஏன், தாதா, ஜெயிலுக்குப் போகணும்?" என்று பதிலுக்கு அண்ணன் முறை வைத்துச் சொல்லிக் கைப்பையை மூடினேன்.

ஆட்டோ கிளம்பும் வரை நின்றேன். மன்னிப்பு மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நாணயத்தை விற்கப் போவதில்லை, யாரும் விலை கேட்டு எழுத வேண்டாம். எனக்கு ஒரே சந்தேகம். கோணலாகச் செய்த அரசாங்க வேலைக்கு இத்தனை மதிப்பென்றால், எங்கள் தெரு நடைபாதைக்கு எவ்வளவு கேட்கலாம்?