முதல் அரை மணி நேரம்

போர்ட் கிள்ளான் ரயிலில் எதிரே இருந்தவர் கைபேசியில் நாடாளுமன்ற நேரலையைச் சத்தமாக வைத்திருந்தார். சபாநாயகர் அடுத்த கேள்வியை அழைத்த குரலில், அப்பாவின் லோரி டீசல் மணம் எனக்குத் திரும்பி வந்தது.

நாங்கள் குடியிருந்த கம்பத்து வீடுகளை இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருந்த சமயம். தொகுதி எம்.பி. அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கேட்க வேண்டிய நாளன்று அப்பா லோரி எடுக்கவில்லை. குளித்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் எங்கள் வீட்டில்தான். அம்மா பெரிய ஜக்கில் மைலோ கலக்கினாள்.

கேள்வி நேரத்தில் முதல் அரை மணியைத்தான் டிவியில் காட்டுவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யார் யாரோ எழுந்து சாலையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கேட்டார்கள். ஓரத்தில் எங்கள் எம்.பி. கையில் தாளோடு காத்திருந்தார்.

"அந்தா, நம்ம ஆளு!" என்றார் அப்பா.

உடனே சமையல் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

"இருங்கலா, திரும்பக் காட்டுவான்" என்று அப்பா எல்லோரையும் உட்காரவைத்தார்.

டிவியில் கேக் வெந்து முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டை இடித்த அன்று அந்த டிவியை லோரியில் ஏற்றிவிட்டு அப்பா என்னிடம் சொன்னார்: "அவரு கேட்டிருப்பாரும்மா. நமக்குத்தான் காட்டல."

சாகும்வரை அதையேதான் சொன்னார். உண்மையில் கேட்டாரா என்று தேடிப் பார்க்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

கிள்ளான் வந்ததும் எதிரே இருந்தவர் நேரலையை அணைத்தார்.

"இன்னும் முடியலையேண்ணே" என்றேன்.

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.