ஆயுசுக்கும் வாங்கிய சாஃப்ட்வேர்

'டொங்.'

சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவளின் கை நின்றது. சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், 'டொங்.'

அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே வரக் கூடாது. சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கனத்த கம்பளி, கதவின் விளிம்பெங்கும் ரப்பர். பாட்டுப் பதிவு செய்வதற்காக அவளே பார்த்துப் பார்த்துச் செய்த அறை அது. உள்ளே ஒருவர் தொண்டை கிழியப் பாடினாலும் சமையலறையில் குழாய் சொட்டுவதுதான் கேட்கும். சத்தம் வருகிறது என்றால் கதவு திறந்து கிடக்கிறது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அங்கே யாரும் வேலை பார்ப்பதில்லை.

"என்னங்க, என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்லம்மா. நீ வெங்காயத்தப் பாரு" என்றார் கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் "ஒண்ணுமில்ல" என்று சொன்னபோதெல்லாம் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. கத்தியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

வேலை கொடுப்பவர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் அவளைப் 'பாம்புக்காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடுகிறவர் காகிதத்தைப் புரட்டினால், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால், "நிறுத்துங்க, மறுபடி எடுப்போம்" என்று கை தூக்கிவிடுவாள். கடை விளம்பரம், குழந்தைப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, எது வந்தாலும் ஒரே அக்கறை. அதனால்தான் சில மாதங்களாக அவளுடைய கம்ப்யூட்டரின் மின்விசிறி போட்ட 'கர்ர்ர்' அவளைப் பாடாய்ப் படுத்தியது. கம்பளி போர்த்திப் பார்த்தாள். மேஜைக்கடியில் தள்ளிப் பார்த்தாள். தூக்கத்தில்கூட அந்தக் 'கர்ர்ர்' கேட்கிறது என்று ஒருநாள் கணவரிடம் அழுதுவிட்டாள்.

அவர் வயரிங் வேலை செய்கிறவர். மனைவியின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நேற்று அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கிற கடைக்கு ஓடினார். இன்று மதியம், அவள் திரும்புவதற்கு முன் கொண்டுவந்து மாட்டினார். இப்போது அதன் எதிரில், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

திரையில், 'டொங்' என்ற சத்தத்தோடு வந்து நின்ற ஒரு சிறிய கட்டம். 'இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை.' அதன் கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். 'மாதச் சந்தாவில் சேருங்கள்.'

அவள் குனிந்து அதைப் படித்தாள்.

"உள்ள மதர்போர்டை மாத்தினீங்களா?"

"கடைக்காரன்தான் சொன்னான். ஃபேன் மட்டும் மாத்தினா தாங்காது, போர்டும் போயிடுச்சு, பழசு இனி ஓடாதுன்னு… பாரு, மூச்சு விடுற சத்தம்கூட இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"நீ வந்து ஆச்சரியப்படணும்னு நெனச்சேன்."

"பட்டுட்டேன்" என்றாள்.

சத்தமே இல்லாத அந்த அறையில் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவள் இத்தனை மாதம் ஏங்கிய அமைதி அது. இப்போது அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

நடந்தது இதுதான். பதிவு செய்யும் அந்த சாஃப்ட்வேரை அவள் பல வருஷங்களுக்கு முன் மொத்தமாக வாங்கினாள். 'ஆயுள் உரிமம்' என்று போட்டிருந்தார்கள். ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் நம்முடையது. ஆனால் அது ஒரு கம்ப்யூட்டரோடு பூட்டப்பட்டது. உள்ளே இருக்கும் போர்டை வைத்துத்தான் அது தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும். போர்டு மாறினால் வேறு யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். முன்பெல்லாம் கம்பெனிக்குச் சொன்னால் புது போர்டுக்கு உரிமத்தை மாற்றிக் கொடுப்பார்கள். இப்போது கம்பெனி மொத்தமாக விற்பதையே நிறுத்திவிட்டது. எல்லாம் மாதச் சந்தா.

அந்த அறிவிப்பு வந்தபோது, பதிவு வேலை செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். அன்றைக்கு அவள்தான் குரல் செய்தி போட்டாள். "குடியிருக்கிற வீடு வாடகை. பேர்ப்பலகை மாட்டுன சுவரு வாடகை. நம்மளோடதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் இருக்கு. நான் சந்தா கட்ட மாட்டேன். நீங்களும் யாரும் கட்டாதீங்க. கட்டுறத நிறுத்துன அன்னைக்கு, நம்ம கையால செஞ்ச வேலைய நாமளே திறந்து பார்க்க முடியாது. புரிஞ்சுக்கோங்க." அந்தச் செய்தியைக் கேட்டுத் தைரியமாக இருந்தவர்கள் பலர். "பாம்புக்காது அக்கா இருக்கிற வரைக்கும் நமக்கென்ன" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் போய் நிலைமையை எழுதினாள். கணவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பதில் உடனே வந்தது. 'உங்கள் உணர்வுகளை நாங்கள் புரிந்துகொள்கிறோம். பழைய உரிமங்களைப் புதிய கணினிக்கு மாற்றும் சேவை இப்போது இல்லை.'

"உணர்வெல்லாம் புரியுதாம். பூட்டைத் திறக்க மட்டும் முடியாதாம்" என்றார் கணவர். "ஆயுசுக்கும்னு எழுதிக் குடுத்தானே, அது யாரு ஆயுசுன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். நம்ம ஆயுசா, அவன் ஆயுசா, இந்த டப்பாவோட ஆயுசா?"

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"சாயங்காலம் பாட்டு டீச்சர் வராங்க" என்றாள்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரியும். நாளைக் காலை டீச்சருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டியை எடுத்துவிடுவார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குரல் திரும்பி வருமா, வந்தாலும் பாடுமா என்பதற்கு மருத்துவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதனால் டீச்சர் தானே மெட்டமைத்த பாட்டுகளை, குரல் இருக்கும்போதே பாடி வைத்துவிட வேண்டுமென்று சில வாரங்களாக வந்துகொண்டிருந்தார். இருமி இருமி, நிறுத்தி நிறுத்தி, வெந்நீர் குடித்துக் குடித்துப் பாடினார். நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி, ஒன்றோடொன்று தெரியாமல் ஒட்டி, ஒரே மூச்சில் பாடியது போல அவள் கோத்து வைத்திருந்தாள்.

அந்தக் கோப்பு இப்போது பூட்டுக்குள் இருக்கிறது. துண்டுகள் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன, உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான துண்டுகளில் எது எங்கே சேர வேண்டும் என்பது அந்த சாஃப்ட்வேருக்குத்தான் தெரியும்.

"ஒரு காப்பிகூட வெளியே எடுத்து வைக்கலையாம்மா?"

அவளுக்கு ஒரு வழக்கம். பாடியவர் அந்த அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் கேட்டு, "சரி" என்று சொல்லாமல் எதையும் வெளியே எடுக்க மாட்டாள். அரைகுறைப் பாட்டு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்ற மானம். இத்தனை வருஷம் அந்த மானம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"என் கார்டுல கட்டிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் கணவர் மெல்ல.

"எனக்குத் தெரியுமே."

அழைப்பு மணி அடித்தது.

டீச்சர் கழுத்தில் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். தம்பி கீழே காரில் காத்திருக்கிறாராம். ஆஸ்பத்திரியில் இன்றைக்கே சேர வேண்டுமாம். "சீக்கிரம் போட்டுக் காட்டும்மா. அவன் ஹாரன் அடிச்சே ஊரைக் கூட்டிடுவான்" என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டே, தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போர்டு, பூட்டு, சந்தா, தான் குழுவில் பேசியது, எல்லாம். "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல டீச்சர். இதைக் கட்டினா, இனிமே ஒவ்வொரு மாசமும் கட்டணும். புதுசுல ஒரு தடவை திறந்துட்டா, அந்தக் கோப்பு மறுபடி பழசுல திறக்காது. என் வேலை பூரா அவங்க கையில அடகு. நானே வேணாம்னு சொல்லிட்டு, நானே…"

டீச்சர் கண்களைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"மாசம் மாசம் கட்டினா திறந்து விடுவாங்களா?"

"ஆமா டீச்சர்."

"என் தொண்டைக்கு அப்படி ஒரு ஆபீஸ் இருந்தா, நான் காலையிலேயே போய் வரிசையில நின்னிருப்பேன்ம்மா."

கணவர் மூக்கை உறிஞ்சினார். இந்த மனிதருக்குக் கண்ணீர் எப்போதும் முதலில் மூக்கில்தான் வரும்.

"நான் உன்னைக் கட்டுன்னு சொல்லல" என்றார் டீச்சர். "உனக்கு மனசு இல்லேன்னா விட்டுடு. நான் பாடினேன், நீ கேட்ட. போதும்னு நினைச்சுக்கறேன்." சொல்லிவிட்டுத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். போதும் என்று நினைக்கிற முகமாக அது இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கார்டை எடுங்க" என்றாள் கணவரிடம்.

நீல நிறப் பொத்தானை அழுத்தினாள். எண்களை அடித்தாள். 'எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி' என்றது திரை. "சம்பந்தி ஆயிட்டோம்" என்று முணுமுணுத்தார் கணவர். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

புது சாஃப்ட்வேர் இறங்கி, பழைய கோப்பைத் திறந்தது. திறக்கும்போதே ஒரு எச்சரிக்கை. பழைய உரிமத்தோடு வந்த எதிரொலிக் கருவி இதில் இல்லையாம். அவள் டீச்சரின் குரலுக்குப் பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற ஒரு கார்வையைச் சேர்த்திருந்தாள். அது போய்விட்டது. ஓடவிட்டாள். சுவரில்லாத, மண்டபமில்லாத வெறும் குரல் வந்தது. உதடு பிரிவதும், பாட்டுக்கு முன் இழுக்கும் மூச்சும்கூடக் கேட்டன.

டீச்சர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, குளிக்காம வெளியே வந்துட்ட மாதிரி இருக்கு?"

"எதிரொலி போயிடுச்சு டீச்சர். வேற ஒண்ணு வச்சு சரி பண்ணிடறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

திறந்திருந்த கதவு வழியே, கீழே ஹாரன் அடிப்பது கேட்டது.

"ஒரு மணி நேரத்துக்கு எங்கம்மா போறது?" டீச்சர் கையை அவள் தோளில் வைத்தார். "ஓடட்டும், விடு."

ஒவ்வொரு பாட்டாகக் கேட்டார்கள். ஓர் இடத்தில் குரல் லேசாக விரிசல் விட்டது. அவள் அனிச்சையாகக் கை தூக்கினாள், "நிறுத்துங்க, மறுபடி எடுப்போம்" என்று சொல்லப் போகிறவள் போல. தூக்கிய கையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள். டீச்சர் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். அவர் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது.

"சரி" என்றார் டீச்சர்.

எல்லாவற்றையும் சாதாரணப் பாட்டுக் கோப்புகளாக வெளியே எடுத்துப் பென் டிரைவில் ஏற்றினாள். ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஃபோனை எடுத்து, குழுவில் ஒரு வரி எழுதினாள். 'நான் சந்தா கட்டிட்டேன். இனிமே நீங்க என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.' உடனே ஒரு பதில் வந்தது. 'அக்கா, நீங்களுமா?' அவளுக்குச் சுருக்கென்றது. பின்னாலேயே இன்னொன்று. 'நான் போன மாசமே கட்டிட்டேன்க்கா. உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு.' படித்துவிட்டு ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த மாதமும் கட்ட வேண்டும். அதற்கடுத்த மாதமும். நினைத்தாலே உடம்பு கனத்தது.

பென் டிரைவைக் கையில் வாங்கிய டீச்சர், "இதைத் திறக்க யாரையாவது கேட்கணுமா?" என்றார்.

"யாரையும் கேட்க வேணாம் டீச்சர். எதுல வேணா போட்டுக் கேட்கலாம். எப்ப வேணா கேட்கலாம். இது உங்களோடது."

டீச்சர் அதைக் கைப்பையில் போட்டார். மனசு கேட்காமல் வெளியே எடுத்து, கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். ஹாரன் மறுபடி அடித்தது. "வரேன்டா, வரேன்! ஆபரேஷன் எனக்கு. அவசரம் அவனுக்கு" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். கணவர் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வைத்தார். "ஐயோ, நீங்க எதுக்குங்க" என்று டீச்சர் பதறினார்.

வாசற்படியில் நின்று ஒரு தடவை திரும்பினார்.

"போயிட்டு வரேன்ம்மா."

அவள் அந்தச் சொற்களை ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். முதல் எழுத்தில் இருந்த கரகரப்பை, நடுவில் லேசாக இழுத்ததை, 'ம்மா' என்று அடங்கியதை. பதிலுக்கு "வாங்க டீச்சர்" என்று சொல்ல வாயெடுத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கீழே கார்க் கதவு சாத்தப்பட்டது. வண்டி நகர்ந்து, தெருவின் இரைச்சலோடு கலந்து, தனியாகப் பிரித்துக் கேட்க முடியாமல் போகும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.