கருப்புக் கரை போட்ட அட்டை

பழைய ஜெர்மன் வாழ்த்து அட்டைகளைச் சேர்க்கிறேன் என்றால் ஆரணியில் யாரும் நம்புவதில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் ஜெர்மன் படித்தேன். அதை வைத்து வேலைக்குப் போவதற்குள் கல்யாணம், பிறகு குழந்தை. மிச்சம் இருந்தது இந்த அட்டைகள்தான். ஜெர்மனியில் ஒரு வியாபாரி நூறு வருடத்துக்கு முந்தையவற்றைக் கத்தையாக அனுப்புவார். எனக்குப் படத்தைவிடப் பின்பக்கம்தான் முக்கியம். எந்த ஊர் முத்திரை, எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, தபால்தலை எந்தக் காலத்தது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து நோட்டில் குறிப்பேன். எழுதியிருக்கும் சேதியை மட்டும் படிக்க முடியாது. நான் படித்தது அச்செழுத்து. அவர்களுடைய அந்தக் காலத்துக் கையெழுத்து சிக்கெடுக்காத நூல் மாதிரி ஓடும்.

போன ஐப்பசியில் வந்த கத்தையில், ஓரம் முழுக்கக் கருப்புக் கரை அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது. துக்கச் செய்தி. முத்திரை அவ்வளவு தெளிவாக விழுந்திருந்ததால் சந்தோஷமாக ஆல்பத்தில் செருகினேன். அந்த வாரமே என் மகளுக்குக் காய்ச்சல். இரண்டு வயது. மூன்று நாளாகியும் இறங்கவில்லை. வைரஸ் காய்ச்சல்தான், ஐந்து நாள் இருக்கும் என்றார் டாக்டர். நான் தெர்மாமீட்டர் வைப்பதும், நம்பாமல் மறுபடி வைப்பதுமாக இருந்தேன்.

மருந்துச் சீட்டைத் தேடி அலமாரியைத் திறந்த மாமியார் ஆல்பத்தைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னாம்மா, சுத்தி கருப்பா கோடு போட்டுகினு?"

"செத்துப் போனதைச் சொல்ற அட்டை அத்தை. எப்பவோ எழுதினது."

"கருமாதிக் கடுதாசிய படிச்ச கையோட கிழிச்சி வெளிய போடுவாங்க. நீ கவர் போட்டு வெச்சிகினு இருக்கிற."

"அவங்க வேற தேசம் அத்தை. நூறு வருசம்..."

"சாவுல இன்னா உள்ளூரு வெளியூரு? படிச்ச பொண்ணு நீ, உனக்கு நான் சொல்லணுமா?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். என்ன ஆகிவிடும் என்று ஒரு மனம். ஆகிவிட்டால் என்று இன்னொரு மனம். அட்டையை நான்காகக் கிழித்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் அழித்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் சொன்ன அதே ஐந்தாம் நாள்.

அதோடு விட்டிருக்கலாம். மற்ற அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பழைய கையெழுத்து தெரிந்தவர்களின் இணையக் குழு ஒன்றில், ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட்டேன். பதில்கள் வந்தன. உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறோம். அம்மாவுக்குப் பல்வலி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மூச்சு விட்டேன்.

பன்னிரண்டாவதாகப் போட்டது ஒரு ஈஸ்டர் அட்டை. முட்டை ஓட்டிலிருந்து கோழிக்குஞ்சு எட்டிப் பார்க்கும் படம். அதைக் காட்டித்தான் மகளுக்குச் சோறு ஊட்டுவேன். பதில் இப்படி இருந்தது: "அன்புள்ள அக்கா, சின்னவளை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். நீ தைத்து அனுப்பிய கவுனைத்தான் போட்டோம். வீட்டில் இந்த அட்டைதான் இருந்தது, மன்னித்துக்கொள்."

மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் கிழிக்கச் சொல்வார். எனக்குக் கை வராது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை. மறுநாள் காலை அதை உறையிலிட்டு, வியாபாரிக்கே திருப்பி அனுப்பத் தபால் ஆபீசுக்குப் போனேன்.

"உள்ள இன்னா மேடம்?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"வாழ்த்து அட்டை."

"இதுக்குப் போயி ஜெர்மனி வரைக்குமா? வாட்ஸ்அப்ல ஒரு பூவ போட்டு வுட்டா முடிஞ்சிது." சிரித்தபடி எடை போட்டார். படிவத்திலும் வாழ்த்து அட்டை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "இருடா கண்ணு, அம்மாவைத் தொடாத," என்று விலகி, நேராகப் பின்பக்கம் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

"இன்னாம்மா, காலைலதான குளிச்ச?" மாமியாரின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

"கசகசன்னு இருந்திச்சி அத்தை," என்றேன். இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.