தொட்டிக்கு இடப்புறம் நகர்ந்த கம்பு

“மூன்றாம் நாள், செவ்வாய், மாலை 4.10. பெரிய வரப்பின் முனையில் நின்று பார்த்தது. எதிரே பாத்திகள், அவற்றின் நடுவே சிவப்புத் துணி கட்டிய கம்பு, தொலைவில் தண்ணீர்த் தொட்டி. காற்று வடகிழக்கு. மேகம் இல்லை.”

மரக்காணம் உப்பளத்தில் நான் வரைந்த ஒரு பென்சில் படத்தின் கீழ் உள்ள குறிப்பு இது. குறிப்பில் பிழை இல்லை. பிழை படத்தில் இருந்தது.

கற்பனை உலகங்களைப் படமாக வரைபவர்களுக்கான ஏழு நாள் பயிலரங்கு அது. ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரத்தில், பின்பக்க ஜன்னல்கள் உப்பளத்தைப் பார்த்திருந்த ஒரு வாடகை வீட்டில் பன்னிரண்டு பேர் தங்கியிருந்தோம். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை வரைய வேண்டும். இந்த உப்பளத்திலேயே பிறந்தது என்று நம்பத்தக்க ஒரு மிருகத்தைக் கடைசி நாளில் ஒவ்வொருவரும் சுவரில் மாட்ட வேண்டும். மற்றவர்களின் மிருகங்களுக்குக் கொம்பும் பல்லும் இருந்தன. என்னுடையது தரையைப் போலவே படுத்திருக்கும். கண் மட்டும் இருக்கும்.

அந்த யோசனை எனக்கு முதல் நாளே கிடைத்தது. பாத்திகளில் வேலை செய்யும் பெண்களில் மூத்தவர் எங்களை வரப்பில் நிறுத்தி, கம்பைக் காட்டினார்.

“அதோ தெரியுதே, அந்தக் கம்புக்கு அந்தாண்ட கால வெக்காதீங்க. மேல உப்பு பூத்து தரை மாதிரியேதான் இருக்குது. உள்ள வெறும் சேறு. இந்த சீசன் ஆரம்பத்துல எங்க ஆளு ஒருத்தரு இடுப்பு வரைக்கும் போயிட்டாரு. அப்புறந்தான் கம்பு நட்டது.”

துணி கண் மட்டத்தில் கட்டப்பட்டிருந்ததற்குக் காரணமும் சொன்னார். தலையில் உப்புக் கூடையோடு வருகிறவர்களால் குனிந்து தரையைப் பார்க்க முடியாது. பாத்தியில் வாரிய உப்பை மேட்டிலுள்ள குவியலில் சேர்க்க, அவர்கள் குறுக்கே நடப்பார்கள்; துணியை நோக்கியே வந்து, கம்புக்கு ஓர் எட்டு முன்பாகத் திரும்பிவிடுவார்கள்.

எங்கள் பன்னிரண்டு பேரில், கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் இந்தப் பேச்சின்போது இல்லை. அவர் இரண்டாம் நாள்தான் சேர்ந்தார். வளைகுடாவில் வேலை செய்யும் அப்பா வாங்கி அனுப்பிய டேப்லெட்டில் வரைபவர். எங்களில் வேகமான கை அவருடையது. ஒவ்வொரு படத்தின் கீழும் நான் நாள், நேரம், காற்றின் திசை எழுதுவதைப் பார்த்து, “சார், உங்க மிருகத்துக்கு ஆதார் கார்டு எடுத்தாச்சா?” என்று கேட்டார். அன்றிலிருந்து வகுப்பில் எதற்காவது சாட்சி வேண்டுமென்றால் என் நோட்டைத்தான் கேட்டார்கள்.

நான்காம் நாள் காலை, உப்பளத்திலிருந்து ஆளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து வரையச் சொன்னார் பயிற்றுநர். உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடி, உடைந்த கூடை, நண்டு ஓடு என்று மேசை நிறைந்தது. நான் ஜன்னலோரம் என் மிருகத்தின் கண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், மாலை நான்கு மணிக்குத்தான் மேசைப்பக்கம் போனேன். நடுவில் ஒரு கம்பு சாய்ந்திருந்தது. முழங்கால் உயரம்வரை உப்புப் படிகம் ஏறியிருந்தது. உச்சியில், உடைந்த கூடைக்குப் பின்னால் மறைந்து, சிவப்புத் துணி; அதனால்தான் அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை போலும்.

“இதை யார் எடுத்தது?”

“நான்தான் சார். சூப்பரா இருக்குதுல்ல, அந்த கிறிஸ்டல்?” என்றார் கோட்டக்குப்பத்துப் பெண்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் டேப்லெட் பேனாவைக் கீழே வைத்தார். “யா அல்லா. பழைய வேலின்னு நெனச்சேன் சார். யாருமே சொல்லலியே.”

கம்பைத் தூக்கிக்கொண்டு அவரும் நானும் பயிற்றுநரும் வரப்புக்கு ஓடினோம். அது நின்ற குழி மூடிவிட்டது. ஒரு பகல் வெயிலில் அதன் மேலும் உப்பு பூத்து, எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. கிழக்கே கடலின் மேல் வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் உப்பை ஏற்ற, விடியற்காலையில் பெண்கள் கூடையோடு இறங்குவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

“உங்க படம் இருக்குதே சார்,” என்றார் பயிற்றுநர்.

இருந்தது. வரப்பு முனையில் அதே இடத்தில் நின்று படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். படத்தில் கம்பு தொட்டிக்கு இடப்புறம், தொலைவிலுள்ள இரண்டு பனைகளுக்கு நடுவே இருந்தது. “இன்னும் ரெண்டு எட்டு லெஃப்ட்டு. போதும். அங்கதான்,” என்று வரப்பிலிருந்து வழி சொன்னேன். தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போன அந்தப் பெண், கம்பை ஊன்றிவிட்டுத் தன் காலடித் தடத்திலேயே திரும்பினார். மணி 4.50. அதைக் குறித்துக்கொள்ளப் பக்கத்தைத் திருப்பியபோது தாளின் மேல் வெயில் சாய்வாக விழுந்தது. தொட்டியின் அடியில் ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது.

செவ்வாய் மாலை பயிற்றுநர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “கம்பும் தொட்டியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. கம்ப கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளுங்க சார், படம் மூச்சு விடும்.” தள்ளினேன். நன்றாகவும் இருந்தது. நேரத்தையும் காற்றையும் எழுதியவன், இதை எழுதவில்லை.

பயிற்றுநரிடம் தாளைக் காட்டினேன். அவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நான் சொல்லித்தானே…” என்றார்.

குவியலைத் தென்னங்கீற்றால் மூடிக்கொண்டிருந்த, முதல் நாள் கம்பைக் காட்டிய அந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார்.

“எடுத்ததுக்குக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். கம்பு இல்லன்னா நாங்க நின்னுருப்போம். தப்பான எடத்துல இருந்திருந்தா நடந்திருப்போமே.”

வரப்புக்கு வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அதுதானோ, இல்லையோ. எங்களுக்குக் கம்புதான் தெரியும், எடம் தெரியாது,” என்றார். அழித்த தடம் இருக்கும்படி, தொட்டிக்கு நேரே நட்டுவிடலாமா என்று கேட்டேன். தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தடம் ஒன்றல்ல, இரண்டு. முதல் கோடே கோணலாக விழுந்து, அழித்துப் போட்டிருக்கிறேன். எது முதலாவது, எது திருத்தியது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

“ஒரு தாளு மூணு எடம் காட்டுது,” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் யாரும் குறுக்கே நடக்கவில்லை. வரப்பைச் சுற்றிப் போனால் மூன்று மடங்கு தூரம். எங்களில் சிலர் கூடை தூக்கப் போனோம். “தலையில வெக்காதீங்க சார், கழுத்து போயிடும். இடுப்புல வாங்கிக் குடுங்க,” என்று வரிசையில் நிறுத்தினார்கள். கோட்டக்குப்பத்துப் பெண் வரிசையின் முதல் ஆளாகக் கூடை வாங்கினார். 7.20க்கு மழை இறங்கியது. அந்தப் பக்கத்துப் பாத்திகளில் பாதிக்கு மேல் உப்பு ஏறாமலே கிடந்தது. சிறு சிறு குவியல்கள் முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு தாழ்ந்து, பிறகு தண்ணீராயின. பெண்கள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை.

ஒன்பது மணிக்குப் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. நான் நடச் சொன்ன கம்பு மட்டும் அதன் நடுவே நிமிர்ந்து, நனைந்த துணியோடு, எல்லாம் தெரிந்தது போல நின்றது.

ஏழாம் நாள் என் மிருகத்தைச் சுவரில் மாட்டவில்லை. அந்தப் பென்சில் படத்தின் கீழ், பழைய குறிப்புக்குப் பக்கத்தில், “கம்பு நகர்த்தப்பட்டது” என்று எழுதித் தேதியிட்டேன். இரண்டு தடங்களையும் அளவுகோல் வைத்துப் பார்த்ததில், நாங்கள் நட்ட இடம் உண்மையான இடத்திலிருந்து நான்கு எட்டு முதல் ஏழு எட்டு வரை தள்ளியிருக்கலாம் என்று கணக்காகிறது. அந்தக் கணக்கும் படத்தை நம்பியே போட்டது. மழைக்குப் பிறகு பாத்திகளைப் புதிதாக வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சேறு அந்தக் கம்பின் எந்தப் பக்கம் இருந்தது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.