மூன்று மணி ஹைட்ரஜன்

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வேலையில் பாதி, நல்ல தண்ணீருக்கு அலைவதுதான். கண்ணாடிக் குழாய் கழுவியே விரல் நுனி வெளுத்துப்போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு, மூன்று மாத இரவலாக ஒரு சூரிய ஒளிப் பலகை வந்தது. அதன் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டால் ஒரு குழாயில் ஹைட்ரஜனும் மற்றதில் ஆக்சிஜனும் சேரும். எட்டாவது படித்த என்னை, குழாய் கழுவி அளவு குறிக்கத் தற்காலிகமாக வைத்தார்கள். பலகை திரும்பிப் போனால் நானும் வீட்டுக்குத்தான்.

பாய் கொடுத்த கேன்

கல்லூரிக் கிணற்றுத் தண்ணீரில், மின்சாரம் ஓடுவதற்காகக் காஸ்டிக் சோடாவைப் போட்டதும் பால்போல் வெளுத்தது. சுண்ணாம்பு பூமி. நான்காம் நாள், தண்ணீருக்குள் மின்சாரம் விடும் தகடுகளில் வெள்ளை படிந்து குமிழி நின்றுவிட்டது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். பெரம்பலூரில் என் வீட்டருகே பேட்டரிக் கடை வைத்திருந்த பாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஐந்து லிட்டர் கேனை நிரப்பி, பஸ் வரைக்கும் அவரே தூக்கி வந்தார். "வாரா வாரம் வாங்க. ஆனா வெயில்லயே கரண்டு வருதுன்னு எங்க கடை வாசல்ல நின்னு மட்டும் சொல்லிராதீங்க."

கிழக்குப் பார்த்த பலகை

மொட்டை மாடியில் பலகையை நிறுத்திய கொத்தனார், சாமி படம் மாட்டுவதுபோல் கிழக்குப் பார்த்து, நன்றாகச் சாய்த்துச் சிமெண்டு பூசி, கற்பூரமும் காட்டியிருந்தார். காலை பத்து மணிக்கு நூறு மில்லி ஹைட்ரஜன் சேர இருபது நிமிடம். மதியம் இரண்டரைக்குத் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஆகியும் பாதிதான். பன்னிரண்டு நாளும் இதே கணக்கு.

பலகையை இங்கேயே விட்டுவைப்பதா என்று பார்க்க, அதை இரவல் தந்த துறையின் அதிகாரி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. மதியத்தில் வாயு சரியாக வராது என்று, சோதனையை நடத்திய பேராசிரியரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோட்டை விரித்து அவர் மேசையில் வைத்துவிட்டுக் குழாய் கழுவப் போய்விட்டேன். அவரே ஓடி வந்தார். "நான் காலையில மட்டும் பாத்துட்டு நல்லா வருதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேண்ணே. ஏன் முன்னாடியே சொல்லல?"

எமன் திசை

மதிய வெயிலும் படும்படி பலகையைத் தெற்கே லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னதும் கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டார். நான் நோட்டைக் காட்டினேன். படிக்கத் தெரியாதென்றார். மாடிக்குக் கூட்டிப்போய், இரண்டரை மணி வெயிலில் குழாயெதிரே உட்காரவைத்தேன். கால் மணி நேரம் குமிழியைப் பார்த்தார். பிறகு பலகையின் நிழலைப் பார்த்தார். உளியை எடுத்துச் சிமெண்டை உடைத்தார். "திருப்பிடுறேன். ஆனா பலகைக் காலுல ஒரு எலுமிச்சம்பழம் கட்டுவேன், நீங்க அவுக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை

அதிகாரி வந்தபோது ஹைட்ரஜன் தொண்ணூற்றாறு மில்லி, ஆக்சிஜன் நாற்பத்தெட்டு. சரியாக இரண்டுக்கு ஒன்று. சின்னக் குழாயில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார் பேராசிரியர். பட்டென்றது. அளவெடுத்தது யார் என்று அதிகாரி கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பேராசிரியர் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அதிகாரி நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "பலகை இங்கயே இருக்கட்டும். இவரும் இருக்கட்டும். அந்த எலுமிச்சம்பழம் எதுக்கு?"

நாள் தவறாமல் குறித்த அந்த நோட்டை இன்று கூட்டிப் பார்த்தால், எனக்குச் சோறு போட்டதில் பாய்க்கும் பேராசிரியருக்கும் கொத்தனாருக்கும் அடுத்த நாலாவது இடம்தான் சூரியனுக்கு.