அண்ணனின் பல்லும் கல்கிசைக் கடலும்

ரப்பர் மரம் இலை கொட்டும் மாதங்களில் பால் குறைந்துவிடும். சிரட்டையில் நாலு சொட்டு விழுந்தால் அதிகம். மலைக்குப் போனாலும் நிழல் இருக்காது, வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். பால் வெட்டுகிற எங்களுக்கு மூச்சு விடக் கிடைக்கிற காலமும் அதுதான். போன வருஷம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ருவான்வெல்லையில் ஒரு வேன் பிடித்து, கல்கிசைக் கடலுக்குக் குளிக்கப் போனோம்.

குளிக்கப் போவது என்றால் எங்களுக்குக் குளிக்கப் போவதுதான். அண்ணி ஒரு பை நிறையச் சவர்க்காரம், ஷாம்பூ, தேய்க்கிற கல், மாற்றுத் துணி, ஒரு வாளி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"வாளி எதுக்கு அண்ணி? கடல்ல தண்ணி கொறைவா இருக்கும்னு பயமா?" என்றேன்.

"நீ பேசாம வா. அங்க போயி, அண்ணி வாளியக் குடுன்னு கேப்ப பாரு."

வேனில் முன் சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். புதுப் பல். ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, வாயில் மாவை வைத்து அச்சு எடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பல் செட்டு.

அந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் வழக்கத்தில் பரிசம் போடும்போது, தட்டு மாற்றுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் சபையில் எழுந்து நின்று, "பொண்ணு உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு" என்று மூன்று தரம் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூத்த மகளுக்குப் பரிசம் போட்டபோது அண்ணனுக்கு முன்பல் எதுவும் இல்லை. முதல் தரம் சொன்னார், வெறும் காற்றாக வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இரண்டு தரத்தையும் சித்தப்பாதான் சொன்னார். அன்றைக்கு அண்ணன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கடலுக்குப் போனதற்கு அடுத்த ஞாயிறு, இளையவளுக்கு எம்பிலிப்பிட்டியவில் கடை வைத்திருக்கிறவர்கள் பரிசம் போட வருவதாக இருந்தது. அண்ணனுக்கு இதுதான் கடைசி மகள். இந்தத் தரம் விட்டால் அந்த வார்த்தையைச் சொல்ல இன்னொரு சபை கிடையாது. பல் வந்த நாளிலிருந்து, மரத்துக்கு மரம் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மரத்துக்கெல்லாம் இப்ப பரிசம் போட்டாச்சு" என்று அண்ணி லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

ரயில் பாதையைத் தாண்டினால் கடல். மணல் தெரியாத அளவுக்குச் சனம். பந்து அடிக்கிறவர்கள், அன்னாசி விற்கிறவர்கள், சட்டையோடு தண்ணீரில் கிடக்கிறவர்கள். எங்கள் பெண்கள் ஆற்றுக்குப் போகிற மாதிரி கரைக்கு முகம் காட்டி, அலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். முதல் அலை தள்ளியதிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. அண்ணி தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கே, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள்.

"ஏங்க, அந்தப் பல்லக் கழட்டி பையில வைங்க" என்று அண்ணனிடம் அதற்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"டாக்டர் பகல்ல கழட்டக் கூடாதுன்னாரு. வாய்க்குப் பழகணும்."

"வாய்க்குப் பழகட்டும். கடலுக்குப் பழகுமா?"

அண்ணன் காது கொடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குப் போனார், ஒரு முங்கு போட்டார், எழுந்தார். எழுந்ததும் ஆற்றில் ஆயுள் முழுக்கச் செய்ததையே செய்தார். வாய் நிறையத் தண்ணீர் அள்ளிக் கொப்பளித்தார். உப்பு நாக்கில் பட்டதும் முகம் கோணியது. தூவென்று பலம் கொண்ட மட்டும் துப்பினார். தண்ணீரோடு பல்லும் போனது.

ஒரு கணம் அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"தங்கச்சி, பல்லு" என்றார். வார்த்தை காற்றாக வந்தது.

பிறகு நாங்கள் செய்த காரியத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். ஆற்றில் செம்பு போனாலும் துணி போனாலும், இரண்டு பேர் தண்ணீர் ஓடுகிற கீழ்ப்பக்கம் ஓடிப்போய்ச் சேலையைக் குறுக்கே பிடிப்பார்கள். பொருள் தானாக வந்து விழும். அண்ணி கத்தினாள்: "கீழ்ப்பக்கம் போங்கடி! சேலையப் பிடிங்க!"

நான் ஒரு முனை, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி ஒரு முனை. மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு நாலு எட்டு ஓடி நின்றோம்.

"எது அண்ணி கீழ்ப்பக்கம்?"

அண்ணி இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். எல்லாப் பக்கமும் கடல்.

நாங்கள் சேலையோடு தடுமாறுவதைப் பார்த்து, கரையில் ஆட்களைக் காப்பாற்றுகிற வேலையில் இருக்கும் ஒரு தம்பி ஊதல் ஊதிக்கொண்டே பாய்ந்து வந்தார். "யார் மூழ்கினது? எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆள் இல்லை மாத்தையா, பல்லு" என்று, மரியாதைக்கு மாத்தையா போட்டு, நானும் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் அண்ணனின் வாயைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த ஞாயிறு மகளுக்குப் பரிசம், அப்பாதான் பேச வேண்டும் என்று அண்ணி மூச்சு வாங்கச் சொன்னதை, நான் சிங்களத்தில் சொல்லக் கேட்டார். "கடல் இழுத்ததைத் திரும்பக் கரைக்குத்தான் தள்ளும் அக்கா. ஆழத்தில் தேடாதீங்க. முழங்கால் தண்ணியில் பாருங்க" என்றவர், பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "தத் குட்டமக்!" பல் செட்டு என்று.

அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் வந்தார்கள்! பந்து அடித்த பையன்கள் பந்தை விட்டுவிட்டு வந்தார்கள். தொப்பை வைத்த ஒரு மாத்தையா தன் மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தினார். யாரும் யாரையும் எந்த ஊர், என்ன சாதி, என்ன மொழி என்று கேட்கவில்லை. கையைக் கோத்துக்கொண்டு, கால் விரலால் மணலைத் துழாவித் துழாவி நடந்தோம். அண்ணன் மட்டும் கரையில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்தவள் பரிசத்தன்று உட்கார்ந்த அதே மாதிரி. எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் நடந்தோமோ தெரியாது. இரண்டு ரயில் போயிருந்தது. சனம் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளத் தொடங்கிய நேரம், தொப்பை மாத்தையாவின் மனைவி, முழங்கால் தண்ணீரில் நின்றவர், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அலறினார்:

"அனே அம்மே! கக்குளுவெக்! கடிச்சிட்டான்!"

நண்டு என்று நினைத்துவிட்டார். எல்லோரும் விலகி ஓடினார்கள். அண்ணி மட்டும் அந்த இடத்தில் முழு உடம்போடு விழுந்தாள். அலை அவள் மேல் ஏறி இறங்கியது. எழுந்தபோது தலை முழுக்க மணல், கையில் பல்.

"கடிச்சது நம்ம வீட்டு நண்டுதான் நோனா" என்று அந்த அம்மாவிடம் அண்ணி சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னதும், கரை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா தன் பிள்ளைக்கு வைத்திருந்த குடிதண்ணீர் போத்தலைத் திறந்து, பல்லைத் தன் கையாலேயே கழுவிக் கொடுத்தார். அடுத்தவர் வாயில் இருந்த பல்லை முகம் சுளிக்காமல் கழுவிய அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. இன்னொரு தரம் அலச நல்ல தண்ணீர் பிடித்து வர, நான்தான் "அண்ணி, அந்த வாளியக் குடுங்க" என்று சொல்லி, அவள் பார்த்த பார்வையையும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் பல்லை மாட்டினார். தொப்பை மாத்தையா மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டு ஒன்றை நீட்டி, "கடிச்சுக் காட்டுங்க" என்றார். அண்ணன் கடித்தார். பந்து அடித்த பையன்கள் கை தட்டினார்கள். நாங்கள் வாழையிலையில் கட்டிக்கொண்டு போன சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் அந்தக் குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்து பகிர்ந்து தின்றோம். எழுந்து போகும்போதுதான் பெயர்கூடக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அதற்குள் சனத்தில் கலந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு லயத்து வாசலில் பந்தல். எம்பிலிப்பிட்டிய ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றுகிற நேரம் அண்ணன் எழுந்தார். "பொண்ணு உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு" என்றார். கணீரென்று வந்தது. இரண்டாம் தரம் அதைவிடச் சத்தமாக. மூன்றாம் தரம் "பொண்ணு" என்றார், மகளைப் பார்த்தார், அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தே இருந்தது.

அண்ணி பக்கத்தில் குனிந்து, "இருக்குதானே?" என்று காதோடு கேட்டாள்.

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். பல் எல்லாம் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் தானே சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.